செங்குருத்துக் காப்பி

காப்பிச் செடியின் தண்டின் மேல் கட்டைவிரலை வைத்தாள் தவமணி. தடிப்பு இருந்தது.

புறங்கை நரம்பு போலப் பட்டைக்கு அடியில் வளைந்து ஓடியது.

அடுத்த செடி. அதிலும்.

மூன்றாவதைத் தொடக் கை வரவில்லை.

அரிவாள் முனையால் பட்டையைக் கீறினாள். மரத்தூள் உதிர்ந்தது. உள்ளே வெள்ளைப் புழு, வயிறு முட்டத் தின்றுவிட்டுச் சொகுசாகப் படுத்திருந்தது.

செடியில் பழம் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. இப்படி ஒரு காய்ப்பைத் தவமணி இந்தத் தோட்டத்தில் பார்த்ததில்லை. ஊரே கண் வைத்தது. அவள் மட்டும் தண்டையே பார்த்தாள்.

செம்பு நிறத்தில் குருத்து விடும் இந்தப் பழைய காப்பிச் செடி சுற்றுவட்டாரத்தில் வேறு எவரிடமும் இல்லை. பால் ஊற்றாமல் குடித்தால் முதலில் கமலா ஆரஞ்சுத் தோலின் வாசம் வரும். விழுங்கி வெகு நேரம் கழித்து, நாக்கின் அடியில் கருப்பட்டி இனிக்கும்.

அந்த ருசிக்காகத்தான் போன மார்கழியில் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். காப்பியை உறிஞ்சிப் பார்த்துத் தரம் சொல்வது அவர் தொழில். அடுத்த பறிப்பில் இரண்டு மடங்கு காப்பி கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

கேட்டதுதான் தாமதம், அவள் புருஷன் குருநாதனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

தை மாதம் மகள் பிரசவத்துக்காக வத்தலக்குண்டு போனவள் சித்திரை கழிந்துதான் திரும்பினாள். அதற்குள் கீழ்த் தோட்டத்து நிழல் மரங்களை அடியோடு வெட்டியிருந்தான். வெயில் பட்டால் பூ அதிகம் பிடிக்கும் என்று எவனோ சொன்னானாம்.

வெயில் பட்டால் வண்டும் வரும். அது அவனுக்கும் தெரியும்.

ஒவ்வொரு சித்திரையிலும் தண்டைத் தேங்காய் நாரால் தேய்த்துப் பட்டைப் பிசிரை எடுப்பது அவள் வேலை. பிசிர் இல்லையென்றால் வண்டுக்கு முட்டை வைக்க இடமில்லை. அந்தச் சித்திரையில் அவள் பேரனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

இனி வழி ஒன்றுதான். புழு வண்டாகிப் பறக்கும் முன், புழு விழுந்த செடி அத்தனையையும் வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும்.

புழுவை இலையில் மடித்துக்கொண்டு வீட்டுக்கு ஏறினாள்.

சென்னைக்காரர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இந்த வருஷத்து முதல் பறிப்பு டம்ளரில் இருந்தது. ஒரு வாய் உறிஞ்சினார். இன்னொரு வாய். மூன்றாவதை விழுங்காமல், போன வருஷத்து ருசியைத் தேடுவது போல வாயிலேயே வைத்திருந்தார்.

குருநாதன் புது மாப்பிள்ளை போலச் சிரித்தபடி நின்றான்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“செடிய என்னங்க பண்ணீங்க?”

அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான் அவன்.

“நிழலைப் பூராம் எடுத்துட்டேன் சார். மேட்டுல இன்னும் பன்னெண்டு செடி நிக்கிது. அங்கயும் நிழல் மரத்த வெட்டுறதுக்கு இன்னைக்கு ஆளு வருது.”

தவமணி இலையை விரித்துக் காட்டினாள். புழு எந்த வருஷம்தான் இல்லை, வந்தவர் முன்னால் மானத்தை வாங்காதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை.

மேட்டில் இருப்பது ஒரே ஒரு பலாமரம். பன்னிரண்டு செடிக்கும் அதுதான் நிழல். மூச்சிரைக்க ஏறிப் போய் ஒவ்வொரு தண்டாகத் தடவினாள்.

ஒன்றிலும் தடிப்பு இல்லை.

அழுகை வந்தது.

பலாவில் முதுகை ஒட்டி நின்றுகொண்டாள். கீழே வளைவில் மூன்று ஆட்கள் கோடாரியும் கயிறுமாக ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

முன்னால் குருநாதன் வழி காட்டிக்கொண்டு வந்தான்.