கிழக்குச் சாரிக் காப்பகம்

எந்தத் திட்டத்தையும் முதலில் பாதித் தெருவுக்குக் குலுக்கலில் தந்து, மறுபாதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் காலம் அது. கோவில்பட்டியில் ஒரு தெருவின் கிழக்குச் சாரி வீடுகளுக்குக் குழந்தைகள் காப்பகம் குலுக்கலில் விழுந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், இரு சாரிப் பெண்களும் ஒரே அளவில் வேலைக்குப் போயிருந்தார்கள். 'பலன் இல்லை, மூடுக' என்றது கணினி.

அதைச் சொல்ல வந்த ஆய்வாளர் செங்கமலம் குழந்தைகளை எண்ணிப் பார்த்தாள். பதிவேட்டில் இருபது பேர். பாயில் முப்பத்தெட்டுப் பேர்.

"எதிர்ச்சாரிப் பிள்ளைகளும் வருது மேடம்," என்றாள் காப்பக டீச்சர் ஜெசிந்தா. "வாசல்ல வந்து நிக்கிற பிள்ளைய எப்படிப் போகச் சொல்ல?"

செங்கமலம் சிரித்துவிட்டாள். 'பலன் இருக்கிறது. தெருவைத் தாண்டி எதிர்ச்சாரிக்கும் போயிருக்கிறது' என்று எழுதி அனுப்பினாள்.

திங்கட்கிழமை காப்பகம் இரு சாரிக்கும் பொது என்று உத்தரவு வந்தது. அன்றுதான் ஜெசிந்தா எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் உரக்கக் கூப்பிட்டாள். "உள்ளேன் டீச்சர்!" என்ற சத்தம் தெருமுனை வரை கேட்டது.