முப்பதுக்கு நாற்பது

"என்னைக் கேக்காம எல்லைக்கல்லைப் பிடுங்கி நட்டிருக்கே. யார் குடுத்த தைரியம்?"

கணக்கு வாத்தியார் சக்ரபாணி தலைப்பாகை நழுவுவதுகூடத் தெரியாமல் கத்திக்கொண்டிருந்தார். மைசூரின் புது எக்ஸ்டென்ஷனில் அவர் வாங்கிய மனை, முப்பதுக்கு நாற்பது அடி. நாளைக்குப் பூமி பூஜை. இந்த நேரத்தில் மேஸ்திரி ஜடையன், பின்மூலைக் கல்லை ஒரு அடி உள்ளே தள்ளி நட்டுவிட்டான்.

பக்கத்து மனை நஞ்சம்மா தன் மாட்டுக்கொட்டகை ஓரமாக நின்றாள். பழைய கல்லின்படி கொட்டகைச் சுவரை அவள் இடித்தாக வேண்டும்.

"தினம் அவ உனக்கு மோர் குடுக்கறா. அதுக்கு என் மனையில ஒரு அடியா? நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். மோருக்கு விலைபோன மேஸ்திரியைப் பார்க்க யாருக்குத்தான் ஆசையிருக்காது?

"பின்னால செங்கலை அடுக்கச் சொல்லிட்டீங்க. அகலத்தை அளக்க முடியலீங்க சாமி," என்றான் ஜடையன். "அதனால முன்மூலையில இருந்து குறுக்கால டேப்பை இழுத்தனுங்க. அம்பதரைக்கு மேல வந்துச்சு. அம்பதுதான வரோணும்?"

"உனக்கென்னடா தெரியும்?"

கூட்டத்தில் நின்ற குமாஸ்தா லிங்கப்பன் தொண்டையைக் கனைத்தார். வாத்தியாரிடம் படித்தவர். "முப்பதின் வர்க்கம் தொள்ளாயிரம், நாற்பதின் வர்க்கம் ஆயிரத்து அறுநூறு. கூட்டினா ரெண்டாயிரத்து ஐநூறு. வர்க்கமூலம் ஐம்பது. நீங்க சொல்லிக்குடுத்ததுதானே சார்?"

வேறு வழியில்லாமல் வாத்தியாரே டேப்பைப் பிடித்தார். புதுக் கல் வரைக்கும் சரியாக ஐம்பது.

"அப்போ என் சுவர் நிக்குமா, மேஷ்ட்ரே?" என்று வாத்தியாரைக் கேட்ட நஞ்சம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நிக்கும், நிக்கும்."

கூட்டம் கலைந்தது. லிங்கப்பன், 'பாவம், நல்ல மேஸ்திரியைச் சந்தேகப்பட்டோமே' என்று சொல்லிக்கொண்டே போனார். வாத்தியார் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு ஜடையன் பக்கத்தில் வந்தார்.

"நாளைக்குச் சீக்கிரம் வந்துடு." குரலைத் தாழ்த்தினார். "ஆமா, முதல்ல கல் எப்படி அவ பக்கம் நகர்ந்ததுன்னு அந்தம்மா கேட்டாளா?"

"கேட்டாங்க. மழையில நகர்ந்திருக்கும்னு சொல்லிட்டனுங்க," என்றான் ஜடையன். "அன்னிக்கு ராத்திரி நீங்க கல்லுகிட்ட கடப்பாறையும் கையுமா நின்னதைச் சொல்லலீங்க, சாமி."