ஆடாமல் அசையாமல்

வீட்டுக் கூடத்துச் சுவரில் பதித்த அரசாங்கக் கேமரா வருஷத்துக்கு ஒரு நாள் காலை முதல் மாலை வரை வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் நூறு படங்கள் எடுத்து, அவற்றை ஒரே தெளிவான படமாகச் சேர்க்கும். அதில் இருப்பவர்களுக்குத்தான் குடும்ப அட்டையில் இடம். மூன்றாம் வருஷமும் தேன்மதியைக் காணவில்லை. கணவன் ஆரூரன் சோபாவிலும் பிள்ளைகள் இருவரும் கட்டிலிலும் பளிச்சென்று இருந்தார்கள்.

"மூணு பேருக்கும் வடிச்சுக் கொட்டுறது நான்தான் சார்! நான் இல்லன்னா என்ன அர்த்தம்?" என்று அலுவலகத்தில் கத்தினாள்.

"அலைஞ்சுக்கிட்டே இருந்தா படத்துல புகை மாதிரி விழுவீங்கம்மா. மென்பொருள் அதை அழுக்குன்னு துடைச்சிடும். நாளைக்கு மறுபடி எடுக்கச் சொல்றேன், ஆடாம அசையாம உக்காருங்க," என்றார் அதிகாரி.

மறுநாள் விடிந்ததும் தேன்மதி கூடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"காபி எங்கே?"

"அம்மா, என் சட்டை?"

"தோசைக்கரண்டிய எங்கம்மா வச்சிருக்க?"

அவள் அசையவில்லை. மூவரும் சமையலறைக்கும் கூடத்துக்குமாகப் பொழுது சாயும்வரை அலைந்தார்கள்.

அடுத்த வாரம் புது அட்டை வந்தது. படத்தில் தேன்மதி பளிச்சென்று இருந்தாள். சோபா காலி, கட்டிலும் காலி. குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை ஒன்று என்று அச்சிட்டிருந்தது.