பந்து நடத்திய வகுப்பு

அந்த ஆஸ்பத்திரியில் ஆறு ஸ்ட்ரெச்சர்களின் வேலையை இரண்டு ஸ்ட்ரெச்சர்கள் செய்துகொண்டிருந்தன. "சக்கரம் தேயுது, துணைக்கு இன்னொண்ணாவது அனுப்புங்க" என்று மனு போட்டன. மனஉறுதிப் பயிற்சி கொடுக்கச் சொல்லி நிர்வாகம் ஒரு ரப்பர் பந்தை அனுப்பியது.

அவை ஓய்ந்து நிற்கும் அரைமணி நேரமும் வகுப்புக்கே போனது. பந்து தரையில் மோதி எகிறியது. "பாத்தீங்களா? எவ்வளவு அடிச்சாலும் எழும்பிடறேன். நீங்களும் இப்படித் துள்ளணும்!"

"நாங்க துள்ளினா மேல படுத்திருக்கிறவங்க விழுந்துடுவாங்களே, சார்" என்றது மூத்த ஸ்ட்ரெச்சர்.

"இந்தப் பேச்சுதான் உங்க வியாதியே" என்றது பந்து.

மறுநாள், பிரசவ வார்டுக்கு ஓடும்போது மூத்த ஸ்ட்ரெச்சரின் சக்கரம் கழன்றது. அதைப் பழைய சாமான் அறையில் தள்ளினார்கள். மிச்சமிருந்த ஒன்று மறுபடியும் மனு போட்டது.

நிர்வாகம் இந்தத் தடவை தாமதிக்கவில்லை. அன்றைக்கே இரண்டு பந்துகளை அனுப்பிவைத்தது.