காரணம்: தொழிலாளி

"தப்பு முழுக்க எங்க வீட்டுக்காரர் மேலதான் சார். தாராளமா எழுதிக்கோங்க" என்றாள் அவள்.

சூப்பர்வைசருக்குக் காதில் தேன் பாய்ந்தது. சண்டைக்கு வருவாள் என்று பயந்துகொண்டேதான் விபத்துப் படிவத்தோடு வந்திருந்தார்.

உள்ளறையில் அவள் கணவன் படுத்திருந்தான். தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின் அவன் வலது கையில் நாலு விரலைத் தின்றுவிட்டிருந்தது. அண்ணனைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்திருந்த நாத்தனார், கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காரணம், கவனக்குறைவுன்னு போட்டுடவா?"

"அதை மட்டும் போட்டா மேல இருக்கறவங்க நம்புவாங்களா சார்? தூக்கக் கலக்கம்னு போடுங்க. முப்பது மணி நேரமா அந்த மனுஷன் கண்ணையே மூடலை."

முப்பதை எண்ணிலும் எழுத்திலும் எழுதிக்கொண்டார்.

"அனுபவம்?"

"பிரஸ்ல ரெண்டே நாள். பேக்கிங்ல அட்டைப்பெட்டி ஒட்டினவருக்கு அந்த மெஷினைப் பத்தி என்ன தெரியும்? தெரியாத எடத்துல கையை விட்டா யார் குத்தம்?"

"கரெக்ட்டும்மா. காலையிலேருந்தே தடுமாறிட்டுதான் இருந்தாரு. நானே பாத்தேன்."

"அதையும் சேருங்க சார். நீங்க பாத்ததுன்னா எடுபடும்."

சேர்த்தார். கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். அவள் கேட்ட நகலைச் சந்தோஷமாகவே கிழித்துக் கொடுத்தார்.

"உங்களை மாதிரி நியாயம் பேசறவங்க நூத்துல ஒருத்தர்ம்மா."

அவர் செருப்புச் சத்தம் தேய்ந்ததும் நாத்தனார் வெடித்தாள். "ஏன் அண்ணி, சொந்தக் குடும்பத்துக்கே கொள்ளி வெச்சிட்டீங்களே! எங்கண்ணன் மேல அப்படி என்ன வஞ்சம் உங்களுக்கு?"

"வஞ்சம் இருக்கு. உங்கண்ணன் மேல இல்ல." சூப்பர்வைசர் போன வாசல் பக்கம் கையைக் காட்டினாள் அவள். "ஆஸ்பத்திரியில இவர் கத்திட்டு இருக்காரு. அந்த ஆளு பக்கத்துல நின்னுக்கிட்டே, 'மெஷின் சும்மா நிக்குது, வேற ஆளைப் போடு'ன்னு போன்ல பேசறான்."

"அதுக்காக, தப்பு அண்ணன் மேலன்னு எழுதிக் கொடுப்பீங்களா?"

"உங்கண்ணன் திங்கக்கிழமை காலையில வேலைக்குப் போனவர். கை போனது செவ்வாய்க்கிழமை மத்தியானம். நடுவுல வீட்டுக்கே வரலை."

நாத்தனார் மனசுக்குள் மணிக்கணக்கைக் கூட்டினாள். முகம் மாறியது.

"அப்போ அந்த முப்பது மணி நேரமும்...?"

நகலை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள் அவள்.

"அவன்தான் தூங்க விடாம மெஷின்ல நிக்க வெச்சான். இப்போ அதுக்குக் கையெழுத்தும் போட்டுட்டான்."