மண் கலந்த மோர்

"கையை எடு, ஜோதி. அந்தத் தம்ளரைக் கீழ வையி."

நதியாவின் குரல் உயரவில்லை. ஆனால் அதிலிருந்த கூர்மையில், ஜோதிலட்சுமி கலக்கிக்கொண்டிருந்த கரண்டி தம்ளரின் விளிம்பில் தட்டி நின்றது.

அடுப்படி மேடையில் மோர்த் தம்ளர். அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பாவின் மேல் சேவல் படம், படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், "டயட்டம் மண். கோழிப்பேன், தானிய வண்டு ஒழிய. உட்கொள்ளும் பொருள் அன்று."

நதியா தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். தேவாரத்தில் தம்பி வீட்டிலிருக்கும் தாயைப் பார்க்க அன்று காலைதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். வந்த இடத்தில், தாய்க்குக் கொடுக்கும் மோரில் தம்பி மனைவி வெள்ளைப் பொடியை அள்ளிப் போடுவதைத் தன் கண்ணாலேயே பார்க்கும்படி ஆயிற்று.

"மெதுவாப் பேசுங்க மதினி. அத்தைக்குக் கேட்டுரும்."

"கேக்கட்டும். எத்தனை நாளா நடக்குது இது?"

ஜோதிலட்சுமி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். முன்னறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு முட்டைக் கூடையுடன் வேல்பாண்டி உள்ளே வந்தான்.

"வாலே தம்பி, வந்து பாரு. வாயில மண்ணைப் போடுறதுன்னு பேச்சுக்குச் சொல்லுவாக. உம் பொண்டாட்டி நெசமாவே அம்மா வாயில போடுறா."

வேல்பாண்டி டப்பாவைப் பார்த்தான்.

"அம்மாவாத்தேன்க்கா கேக்குது. மொச்சைக்குச் செம்மண்ணு கட்டிக் காய வச்சா வண்டு அண்டுறதில்லல்ல, அது மாதிரி இந்த மண்ணு வயித்துல கிடந்தா ஒரு பூச்சி அண்டாது, மூட்டுவலியும் போயிரும்னு சொல்லுது. வேணாம்னா சோத்தைத் தொட மாட்டேங்குது."

"மொச்சைக்கு மண்ணு கட்டுவோம். கழுவாமயா திம்போம்?"

"அதைச் சொன்னா கேட்டாத்தான."

"கேட்டா குடுத்துருவீகளோ? நாளைக்கு வாழைக்கு வைக்கிற குருணைப் பூச்சிமருந்தைக் கேக்கும். அதையும் கலக்கிக் குடுப்பீகளோ?"

"இல்லக்கா..."

"தோட்டம் இன்னும் அம்மா பேர்லதேன் இருக்கு. அது எனக்கும் தெரியும், உம் பொண்டாட்டிக்கும் தெரியும்."

சொல்லியிருக்கக் கூடாத சொல். அதைச் சொன்னவளும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மனைவிக்காக ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டிய வேல்பாண்டியும் முட்டைகளைப் பார்த்தபடி நின்றான்.

"அம்மாவை இப்பவே எங்கூடக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் நதியா. "இந்த டப்பாவும் வருது. டாக்டர்கிட்டக் காட்டிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகணும்னாலும் போவேன். அப்புறம் இந்த ஊருக்குள்ள நீ எப்படித் தலை நிமிந்து நடக்குறன்னு பாக்குறேன்."

ஜோதிலட்சுமியின் குரல் தாழ்ந்தே வந்தது.

"கூட்டிட்டுப் போங்க மதினி. ஆனா அத்தைகிட்ட இந்த டப்பாவைப் பத்தி எதையும் கேட்டுராதீக."

"ஏன், பயமா இருக்கோ? இம்புட்டு நல்ல பொருள்னா நீ குடி, பாப்போம்."

ஜோதிலட்சுமி டப்பாவிலிருந்த பொடியில் இரண்டு கரண்டி எடுத்துக் கிண்ணத்திலிட்டுப் பச்சைத் தண்ணீரில் கரைத்தாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரை அதில் ஊற்றிக் கிளறினாள்.

மண்ணாக இருந்தால் அடியில் போய்த் தங்கியிருக்க வேண்டும். தங்கவில்லை. வெண்மை மறைந்து, கண்ணாடிபோல் தெளிந்து, கிண்ணத்துக்குள் கஞ்சி இறுகியது.

அதை அவள் ஒரு வாய் குடித்தாள். மீதியை நதியாவிடம் நீட்டினாள்.

நதியா முகர்ந்தாள். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இது... கைப்புள்ளைக்குக் கஞ்சி காய்ச்சுற கூவைக்கிழங்கு மாவுல்ல?"

"ஆமா. குமுளியில வாங்குனது."

"அப்ப மண்ணு எங்க?" என்றான் வேல்பாண்டி.

"நேத்து நீங்க கோழிக் கூண்டு பூராம் தூவுனீகளே, அது எங்க இருந்து வந்துச்சாம்?"

கணவனுக்கு அந்தப் பதிலைக் கொடுத்துவிட்டு, நதியாவிடம் அவள் கிசுகிசுத்தாள்.

"மொதல்ல மெய்யான மண்ணைத்தேன் அத்தையே கலக்கிக் குடிச்சாக. டப்பாவைத் திறந்தாலே தூசி ஏறி இருமிக்கிட்டுக் கிடந்தாக. ஒளிச்சு வச்சா வேற வாங்கியாரச் சொன்னாக. அதேன் உள்ள இருந்ததை மட்டும் மாத்திட்டேன். தெரிஞ்சா, நாளைக்கே அவுகளே கடைக்குக் கிளம்பிருவாக."

"இதை எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லுற மாதிரி இல்ல மதினி."

நதியாவுக்கு முகம் சுட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபமே வந்தது. படித்தவர்கள் பலருக்கும் அப்படித்தான்.

"இந்தக் கண்ராவியைத் திங்கலாம்னு அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்த கூறுகெட்ட ஆளு யாரு? பேரைச் சொல்லு. நேராப் போயி நாலு வார்த்தை கேட்டுட்டு வாறேன்."

ஜோதிலட்சுமி அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"விடுங்க மதினி."

"எதுக்கு மறைக்கிற? அந்த ஆளுக்கு நீ என்னத்துக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்ற? பேரைச் சொல்லுங்கிறேன்ல."

முன்னறையில் டிவி நின்றது. தாய் கஸ்தூரியம்மாளின் குரல் அடுப்படி வரை தெளிவாக வந்தது.

"ஏத்தா நதியா, அங்கன யாரு பேரைக் கேட்டுக்கிட்டு நிக்கிற? ஜோதியை வையாத. அவ வேணாம்னுதேன் சொன்னா. நர்சுக்குப் படிச்ச எம் மக, பாக்காமயா வாட்சப்புல அந்த மண்ணு வீடியோவை அனுப்பி வச்சிருப்பான்னு நான்தேன் பிடிவாதமாக் குடிக்கிறேன்."