வலது காலுக்கு ஒரு இருமல்

“ஒரு இருமல்னா வலது கால், ரெண்டு இருமல்னா இடது கால். மாத்தி இருமித் தொலைச்சிடாதே!”

டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடி, வேன்காரர் மனைவிக்கு மூன்றாவது தடவையாகப் பாடம் எடுத்தார்.

“அதுதான் மனப்பாடம் ஆயிடுச்சே. திங்கட்கிழமை வேன்ல எத்தனை புள்ளைங்க வருது?”

“இருபத்தொண்ணு. இப்ப எதுக்கு அந்தக் கேள்வி? இருமல்ல கவனம் வை.”

சர்க்கரை வியாதி அவருடைய இரண்டு பாதங்களையும் மரக்கட்டையாக்கி வைத்திருந்தது. போன வாரம் கடைத்தெருவிலேயே ஒரு செருப்பு கழன்று விழுந்ததை, மனுஷர் வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டுபிடித்தார். ஆனாலும் லைசென்ஸைப் புதுப்பிக்க, கால் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் கையாலேயே இயக்குகிற மாதிரி வண்டியை மாற்றி, பழகிக்கொண்டு ஓட்டலாமே என்று டாக்டர் போன தடவையே சொன்னார். “பிரேக்கைக் கையால பிடிக்க இதென்ன சைக்கிளா?” என்று இவர் முறைத்துவிட்டு வந்துவிட்டார். இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்கு ரோஷம் இருக்காதா?

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் அவரைக் கட்டிலில் படுக்க வைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளச் சொன்னார். மனைவி ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஊசியால லேசாக் குத்துவேன். எந்தக் கால்ல படுதுன்னு சொல்லுங்க.”

“க்ஹும்!”

“வலது கால்!”

“க்ஹும்! க்ஹும்!”

“இடது! சுருக்குன்னு இருக்கு டாக்டர்!”

என்னமாய் இருமுகிறாள்! தொண்டை கட்டின மாதிரி, கரகரவென்று அடிவயிற்றிலிருந்து வருகிறதே. இவளுக்குள் இப்படி ஒரு நடிகை இருப்பது இத்தனை வருஷமாகத் தெரியாமல் போச்சே என்று வேன்காரருக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

“க்ஹும்!”

“ஆ! வலது! மெதுவாக் குத்துங்க டாக்டர், ரத்தம் வந்துடப் போகுது!”

பத்துக்குப் பத்து. கண்ணைத் திறக்கச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்து, “சர்ட்டிபிகேட்ல கையெழுத்துப் போட்டு சீல் குத்துங்க டாக்டர், கிளம்பறேன்” என்றார் தெம்பாக.

டாக்டர் சீல் கட்டையை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார்.

“ஐயா, நான் ஊசியைக் கையிலயே எடுக்கலை. இருமினதும் நான்தான்.”

வேன்காரர் கட்டிலிலிருந்து துள்ளி இறங்கினார். “இருமலைப் பத்தி உங்களுக்கு யாரு...?”

நாற்காலியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“நான்தாங்க இருமச் சொன்னேன்.”